எழுதப்படாத மொய்

சென்னையில் முதல் வேலையில் சேர்ந்து, நண்பர்களோடு அறை பகிர்ந்து வாழும் இளையோர்க்கு ஒரு திறந்த மடல்



நண்பர்களோடு சேர்ந்திருப்பதற்காகவே செய்யப்படும் செலவை, அதாவது தனியாக இருந்திருந்தால் ஒருவர் செய்திருக்கவே மாட்டாத செலவை, இம்மடல் கூட்டுச்செலவு என்னும் பெயரால் குறிக்கிறது. வார இறுதி உணவகம், நள்ளிரவில் வெட்டப்படும் பிறந்தநாள் கேக், ஒருவர் வேலை மாறினால் மற்றவர்கள் கேட்டு வாங்கும் ட்ரீட், மூன்று நாள் விடுமுறை சேர்ந்து வந்தால் உடனே முளைக்கும் ஊர்ப்பயணம், உடன் பணியாற்றுபவரின் திருமணத்துக்கு அலுவலகத்தில் வசூலிக்கப்படும் பரிசுப்பணம் ஆகிய அனைத்தும் இதில் அடங்கும். வாடகை, மின்கட்டணம், பேருந்துக் கட்டணம் ஆகியவற்றில் தொகைக்குச் சம்மதிப்பவரும் அதைச் செலுத்துபவரும் ஒருவரே. கூட்டுச்செலவிலோ தொகையைக் கூட்டம் முடிவு செய்துவிட, அதைச் செலுத்தும் வேளையில் ஒவ்வொருவரும் தனியாளாக நிற்கிறார்கள். மாதத் தொடக்கத்தில் பட்டியல் எழுதி வரவு செலவு போடுகிறவர்கள்கூட 20ஆம் தேதிக்குப் பிறகு கையைப் பிசைவதற்குப் பெரும்பாலும் இந்த இடைவெளிதான் காரணமாகிறது.

தரமணியில் 2000ஆம் ஆண்டு திறக்கப்பட்ட டைடல் பூங்கா தொடங்கிச் சிறுசேரி சிப்காட் வரை நீளும் பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டி, வேளச்சேரி, பெருங்குடி, சோழிங்கநல்லூர்ப் பகுதிகளில் அறை எடுத்தோ விடுதியிலோ தங்கியிருக்கும் இளையோரை முதன்மையாக எண்ணி இம்மடல் எழுதப்படுகிறது. பணி நியமனக் கடிதத்தில் அச்சிடப்பட்ட ஆண்டுத்தொகைக்கும் மாதக் கடைசியில் வங்கிக்கு வந்து சேரும் தொகைக்கும் இடையில் வருங்கால வைப்புநிதி, காப்பீடு, ஆண்டுக்கு ஒருமுறை மட்டுமே தரப்படும் ஊக்கத்தொகை ஆகியவை ஒளிந்திருக்கின்றன என்பதை முதல் சம்பளத்தன்றே அவர்கள் அறிந்திருப்பர். ஆனால் ஒரே நிறுவனத்தில், ஒரே நாளில், ஒரே சம்பளத்தில் சேர்ந்து ஒரே அறையில் படுத்துறங்கும் நால்வரின் வசதியும் ஒன்றல்ல என்பது அவ்வளவு எளிதில் கண்ணுக்குப் படுவதில்லை. ஒருவர் கல்விக்கடனுக்குத் தவணை கட்டுகிறார். இன்னொருவர் தங்கையின் கல்லூரிக் கட்டணத்தை ஏற்றிருக்கிறார். மூன்றாமவரின் வீட்டில் மாதம் பிறந்தால் பணத்தை எதிர்பார்த்திருக்கும் பெற்றோர் இருக்கிறார்கள். நான்காமவரின் தந்தைக்கு ஓய்வூதியம் வருவதால் அவருடைய சம்பளம் முழுவதும் அவருக்கே மிஞ்சுகிறது. சம்பளம் ஒன்றாக இருப்பதாலேயே செலவிடும் வலுவும் ஒன்றாக இருக்கும் என்று கூட்டம் கருதிக்கொள்கிறது. அது தவறு என்று சொல்ல வேண்டியவருக்கோ வாய் வருவதில்லை.

வாய் வராததற்குக் காரணம், தமிழில் அத்தகையவருக்கென்று ஆயத்தமாகக் காத்திருக்கும் பட்டமாகும். ‘கஞ்சன்’ என்னும் சொல்லுக்கு அஞ்சி 800 ரூபாய் கொடுத்துவிட்டு, அந்த வாரம் முழுவதும் இரவுணவைப் பிஸ்கட்டோடு முடித்துக்கொள்ளும் இளைஞர் எந்த விடுதியிலும் ஒருவராவது இருப்பார். சிக்கனமாக இருங்கள் என்னும் வழக்கமான அறிவுரை அவருக்கு எவ்வகையிலும் உதவாது. ஏனெனில் அவருடைய சிக்கல் ஆசையிலிருந்து பிறப்பதன்று. நட்பை இழந்துவிடுவோமோ என்னும் அச்சத்திலிருந்து பிறப்பது. எனவே நண்பர்களைக் குறைத்துக்கொள்ளுங்கள், வெளியே போகாதீர்கள் என்று எழுதும் நிதி ஆலோசனைகளை இம்மடல் ஏற்கவில்லை. நண்பர்களிடையே பணக்கணக்கு வாய்விட்டுப் பேசப்படாததே செலவைக் கட்டுக்கடங்காமல் வளர்க்கிறது என்பதும், அதைப் பேசத் தொடங்கினால் மகிழ்ச்சியில் எதையும் குறைக்காமலே செலவு தன்னளவில் சுருங்கும் என்பதுமே இம்மடலின் நிலைப்பாடு.

உறவில் கணக்குப் பார்ப்பது இழிவு என்னும் எண்ணம் தமிழ்ச் சமூகத்துக்குத் தொன்றுதொட்டு உரியதன்று. புதுக்கோட்டை மாவட்டத்தின் கீரமங்கலம், வடகாடு வட்டாரத்திலும் தஞ்சாவூர் மாவட்டத்தின் பேராவூரணி வட்டாரத்திலும் ஆடி மாதத்தை ஒட்டி நடைபெறும் மொய் விருந்து இதற்குத் தக்க சான்றாகும். திருமணமோ காதணி விழாவோ இல்லாமல், மொய் பெறுவதற்காகவே பந்தல் போட்டு, அழைப்பிதழ் அச்சிட்டு, கறிவிருந்து படைத்து நடத்தப்படும் இந்நிகழ்வில், பந்தலின் ஒரு பக்கத்தில் மேசை போட்டு எழுத்தர்கள் அமர்ந்திருக்க, வருகின்ற ஒவ்வொருவரின் பெயரும் ஊரும் தொகையும் நோட்டில் எழுதப்படுகின்றன. விருந்து நடத்தியவருக்கு ஒரே நாளில் பெருந்தொகை சேர்கிறது. அதைக் கொண்டு அவர் கிணறு வெட்டலாம், கடை தொடங்கலாம், மகளுக்குத் திருமணம் செய்யலாம். பிறகு மற்றவர்கள் விருந்து வைக்கும்போது, நோட்டைப் புரட்டிப் பார்த்து, தமக்கு வந்ததைத் திருப்பிச் செலுத்துவதோடு மேற்கொண்டும் ஒரு தொகை சேர்த்து எழுதுகிறார். விருந்துச் செலவு ஒருவர் தலையில் விழக்கூடாது என்பதற்காகப் பலர் சேர்ந்து ஒரே பந்தலில் விருந்து வைப்பதும் உண்டு. இம்முறையில் குறையே இல்லை என்று சொல்லிவிட முடியாது. மேற்கொண்டு எழுதும் தொகை ஏறிக்கொண்டே போவதால், மொய் செய்வதற்காக வட்டிக்கு வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். ஆயினும் அங்கே எவருக்கு எவர் எவ்வளவு தரவேண்டும் என்பது வெளிப்படை. எப்போது தரவேண்டும் என்பதும் தெரிந்ததே. நோட்டில் எழுதியதால் மாமன் மச்சான் உறவு குறைந்துபோனதாக அங்கே எவரும் கருதுவதில்லை.

கொடை என்பது ஒருபோதும் முற்றிலும் விலையற்றதாக இருப்பதில்லை என்பதைப் பிரெஞ்சு மானிடவியலாளர் மார்செல் மோஸ் 1925ஆம் ஆண்டு வெளியான தம் நெடிய கட்டுரையில் பல சமூகங்களின் வழக்கங்களை ஒப்பிட்டுக் காட்டினார். கொடுக்கவேண்டிய கடமை, கொடுத்ததை ஏற்கவேண்டிய கடமை, ஏற்றதற்கு ஈடு செய்யவேண்டிய கடமை என மூன்று கடமைகள் ஒன்றையொன்று பற்றியிருப்பதாலேயே கொடை உறவைக் கட்டிக்காக்கிறது என்பது அவர் கண்ட முடிவு. மொய் நோட்டு இம்மூன்றையும் எழுத்தில் வைக்கிறது. வேளச்சேரி அறையில் நடக்கும் ட்ரீட்டிலும் இதே மூன்று கடமைகளும் ஒன்றுவிடாமல் இருக்கின்றன. நோட்டு மட்டும் இல்லை. ‘மச்சான், பைக் எடுத்திருக்க, ட்ரீட் எப்போ?’ என்னும் கேள்வியில் கொடுக்கவேண்டிய கடமை இருக்கிறது. வரவில்லை என்று சொன்னவர்மீது எழும் மனத்தாங்கலில் ஏற்கவேண்டிய கடமை இருக்கிறது. சென்ற முறை அவன் அந்தப் பெரிய உணவகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனானே, இப்போது தள்ளுவண்டிக் கடைக்கு எப்படி அழைப்பது என்னும் தயக்கத்தில் ஈடு செய்யவேண்டிய கடமை இருக்கிறது. ஆக, நகரத்து இளையோர் மொய்யை விட்டுவிடவில்லை. எழுதுவதை மட்டும் விட்டுவிட்டார்கள்.

எழுதப்படாத மொய் எப்போதும் மேல்நோக்கியே நகர்கிறது. ஒருவருடைய செலவு அவருடைய வருமானத்தைவிட, அவர் தம்மை யாரோடு ஒப்பிட்டுக்கொள்கிறாரோ அவர்களுடைய செலவைப் பொறுத்தே பெரிதும் அமைகிறது என்றும், ஒருமுறை உயர்ந்த செலவுமட்டம் வருமானம் குறைந்தாலும் எளிதில் இறங்குவதில்லை என்றும் அமெரிக்கப் பொருளியலாளர் ஜேம்ஸ் டூசன்பெரி 1949இல் வாதிட்டார். பொருளியலில் இதைப் பற்சக்கர விளைவு என்பர். சக்கரம் பின்னோக்கிச் சுழலாதபடி தடுக்கும் பல்லைப் போல, அது ஏறும் திசையில் மட்டுமே இடம் கொடுக்கிறது என்பது பொருள். அறைநண்பர்களின் பிறந்தநாள்களை ஓராண்டுக்குக் கவனித்தால் இதை எவரும் காணலாம். சனவரியில் ஒரு கேக்கோடு முடிந்தது, ஏப்ரலில் கேக்கும் சட்டையும் ஆகி, ஆகஸ்டில் கேக்கும் கைக்கடிகாரமும் கடற்கரைச் சாலை விடுதியில் ஓரிரவும் ஆகிறது. எட்டுப் பேர் கொண்ட குழுவில் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் தலைக்கு 500 ரூபாய் என்றால் ஆண்டுக்கு ஏழு முறை, 3,500 ரூபாய். அதோடு தம் முறைக்கு வைக்கும் விருந்து வேறு. எட்டுப் பேரும் ஏறத்தாழ ஒரே தொகையைச் சுற்றிச் சுற்றிக் கைமாற்றிக்கொண்டிருக்க, இடையில் கேக் கடைக்காரர் மட்டும் ஆதாயம் அடைகிறார் என்று கூறின் அது மிகையாகாது.

உணவகத்தில் பில்லைச் சமமாகப் பிரித்துக்கொள்ளும் வழக்கம் தனியே ஆராயத்தக்கது. ஆறு பேர் அமர்ந்திருக்கும் மேசையில் ஒருவர் 600 ரூபாய்க்கு ஒரு மீன் வறுவலைச் சேர்த்துச் சொன்னால், அவருடைய பங்கில் கூடுவது 100 ரூபாய் மட்டுமே. மீதி 500 ரூபாயை மற்ற ஐவரும் சுமக்கிறார்கள். இதையே மற்ற ஐவரும் எண்ணினாலோ, எண்ணாமலே செய்தாலோ, எவரும் தனியே வந்திருந்தால் வாங்கியிருக்க மாட்டாத அளவுக்கு மேசை நிறைந்துவிடுகிறது. இஸ்ரேலின் ஹைஃபா நகர உணவகம் ஒன்றில் யூரி நீஸி, எர்னான் ஹருவி, ஹதாஸ் யாஃபே ஆகிய மூவரும் நடத்தி 2004இல் வெளியிட்ட ஆய்வு இதை எண்களால் காட்டியது. ஆறாறு பேராக அமர்த்தப்பட்டவர்களில், அவரவர் உண்டதற்கு அவரவரே கொடுக்கவேண்டும் என்று சொல்லப்பட்டவர்கள் சராசரியாக 37 ஷெகலுக்கு (இஸ்ரேலிய நாணயம்) உண்டனர். பில்லைச் சமமாகப் பிரிக்கவேண்டும் என்று சொல்லப்பட்டவர்கள் 51 ஷெகலுக்கு உண்டனர். செலவு முழுவதையும் ஆய்வாளர்களே ஏற்பதாகச் சொல்லப்பட்டவர்கள் 82 ஷெகலுக்கு உண்டனர். எம்முறை வேண்டும் என்று முன்னதாகக் கேட்டபோது பெரும்பான்மையோர் அவரவர் செலவை அவரவரே கொடுக்கும் முறையையே விரும்பினர் என்பது இவ்வாய்வின் மிக முக்கியமான செய்தி: பெரும்பாலோர் விரும்பாத முறையில், பெரும்பாலோர் விரும்பாத அளவுக்கு, எல்லாரும் செலவழிக்கிறார்கள். அம்மேசைகளில் அமர்ந்தவர்கள் ஒருவருக்கொருவர் முன்பின் அறியாதவர்கள் என்பதையும் மறக்கக் கூடாது. நண்பர்களிடையே ஒருவர் பங்கை ஒருவர் சுரண்டும் எண்ணம் குறைவாகவே இருக்கும். ஆனால் ‘எனக்குத் தனியாகப் போடுங்கள்’ என்று சொல்வதற்கான கூச்சம் பன்மடங்கு கூடுதலாக இருக்கும். குடிப்பழக்கம் இல்லாதவர் குடிக்கும் கூட்டத்தோடு அமர்ந்தெழும்போது இக்கூச்சத்தின் விலை மிகத் தெளிவாகத் தெரிகிறது. அவர் கொடுத்த பணத்துக்கு ஈடாக மேசையிலிருந்த வறுவலையும் சிப்ஸையும் தனியாளாகத் தின்று தீர்ப்பதை நண்பர்கள் நெடுங்காலமாகக் கேலி செய்துவருகிறார்கள். கணக்குப்படி பார்த்தால் அவர் இன்னும் இரண்டு தட்டு தின்றிருக்கவேண்டும்.

பணம் கையைவிட்டுப் போகும்போது மனத்தில் ஏற்படும் சிறு உறுத்தலை நடத்தைப் பொருளியலாளர்கள் செலுத்துவதன் வலி என்று அழைக்கின்றனர். தாள்களை எண்ணிக் கொடுக்கையில் கூடுதலாகவும், அட்டையைத் தேய்க்கையில் குறைவாகவும் இவ்வலி உணரப்படுகிறது. டிரேசன் பிரெலெக், டங்கன் சிமெஸ்டர் ஆகியோர் 2001இல் வெளியிட்ட ஆய்வில், கூடைப்பந்தாட்ட நுழைவுச்சீட்டுகளை மேலாண்மை மாணவர்களிடையே ஏலத்தில் விட்டபோது, கடன் அட்டையால் செலுத்தவேண்டும் என்று சொல்லப்பட்டவர்கள், ரொக்கமாகத் தரவேண்டும் என்று சொல்லப்பட்டவர்களைவிட ஏறத்தாழ இருமடங்கு கேட்டனர். இந்தியாவில் 2016இல் தொடங்கப்பட்ட யுபிஐ முறை 2023 ஆகஸ்டில் முதன்முறையாக ஒரே மாதத்தில் 1,000 கோடிப் பரிமாற்றங்களைக் கடந்தது. சில்லறைத் தட்டுப்பாட்டை ஒழித்ததிலும், சிறுகடைக்காரருக்குக் கட்டணமின்றிப் பணம் சேர்த்ததிலும் அம்முறையின் நன்மை பெரிது. எனினும், ஒருவர் மொத்தப் பில்லையும் கட்டிவிட்டு மற்றவர்களிடம் ‘ஜிபே பண்ணிடுங்கடா’ என்று சொல்லும் வழக்கத்தில், செலவு நிகழும் நேரமும் பணம் போகும் நேரமும் பிரிந்துவிடுகின்றன. மேசையில் இருந்தபோது எவருக்கும் வலிப்பதில்லை. மறுநாள் காலையில் தொகை கேட்டுச் செய்தி வரும்போது மற்றவர்களுக்கு வலிக்கிறது. ஒரு வாரம் கழித்தும் இருவர் அனுப்பவில்லை என்னும்போது கட்டியவருக்கு வலிக்கிறது. நட்புகள் முறிவது பெரும்பாலும் இந்த மூன்றாம் கட்டத்தில்தான்.

கடன் அட்டை இவ்வலியை மாதக்கணக்கில் தள்ளிப்போடுகிறது. நண்பர்களோடு போன பயணத்துக்காக ஒருவர் அட்டையில் 12,000 ரூபாய் செலவழித்து, மாத முடிவில் குறைந்தபட்சத் தொகையாகக் காட்டப்படும் 5 விழுக்காட்டை, அதாவது 600 ரூபாயை மட்டும் கட்டுகிறார் என்று கொள்வோம். மாத வட்டி 3.5 விழுக்காடு எனில் 420 ரூபாயும், அவ்வட்டியின்மீது 18 விழுக்காடு சரக்கு மற்றும் சேவை வரியாக ஏறத்தாழ 76 ரூபாயும் ஒரு மாதத்துக்கே சேர்கின்றன. கட்டிய 600 ரூபாயில் அசலைக் குறைப்பது ஏறத்தாழ 104 ரூபாய் மட்டுமே. முழுத்தொகையையும் கட்டாதவர்கள் புதிதாக வாங்கும் பொருள்களுக்கும் வட்டியில்லாத நாள்கள் கிடைப்பதில்லை என்பதால், அடுத்த வாரத்துத் தேநீருக்கும் அன்றிலிருந்தே வட்டி ஓடுகிறது. ஈடு இல்லாத நுகர்வுக்கடன் விரைந்து பெருகுவதைக் கண்ட இந்திய ரிசர்வ் வங்கி, 2023 நவம்பரில் அத்தகைய கடன்களுக்கான இடர் எடையை 100இலிருந்து 125 விழுக்காடாக உயர்த்தியது. இடர் எடை என்பது, தரும் கடனுக்கு ஏற்ப வங்கி தன் சொந்த மூலதனத்தில் எவ்வளவு ஒதுக்கி வைக்கவேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் அளவுகோல். அதை உயர்த்தினால் கடன் கொடுப்பது வங்கிக்குச் செலவு மிக்கதாகிறது. கடன் கொடுப்பவர்களையே எச்சரிக்கவேண்டிய நிலை வந்தது என்றால் வாங்குகிறவர்களைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை.

திருக்குறளில் வரவுக்கும் செலவுக்கும் உரிய அளவைப் பேசும் குறட்பாக்கள் எங்கே வைக்கப்பட்டுள்ளன என்பது இங்குக் கருதத்தக்கது. வரவு சிறுகியதாயினும் செலவு அதைவிடப் பெருகாதவரை கெடுதி இல்லை என்னும் கருத்துடைய 478ஆம் குறளும் அதனைச் சூழ்ந்தவையும், பொருட்பாலில் வலியறிதல் என்னும் 48ஆம் அதிகாரத்தில், பகைமேல் செல்லும் அரசன் தன் வலிமையை எடைபோடுவது பற்றிய செய்திகளோடு இடம்பெற்றுள்ளன. அந்த அதிகாரத்தின் இறுதிக் குறள் எச்சரிப்பது ஆடம்பரத்தையோ கேளிக்கையையோ அன்று. தன்னிடம் உள்ளதை எடைபோடாமல் பிறர்க்கு உதவும் நற்குணத்தை. கூட்டுச்செலவில் சிக்கித் தவிப்பவர்களில் பெரும்பாலோர் ஊதாரிகள் அல்லர், மறுக்கத் தெரியாத நல்லவர்கள் என்பதை வள்ளுவர் நன்கு உணர்ந்திருந்தார் போலும். தன் வலி அறிந்து நடப்பதை அரசனுக்கு இழுக்கென்று எவரும் சொல்லாதபோது, அறைநண்பருக்கு மட்டும் அதை இழுக்கென்று சொல்வது பொருந்தாது.

இனி, செய்யத்தக்கவற்றுள் முதன்மையானது தொகையை இடத்துக்கு முன் வைப்பது. ‘எங்கே போகலாம்?’ என்று தொடங்கும் பேச்சு, கூட்டத்தில் மிக வசதியானவரின் விருப்பத்தில் போய் முடிகிறது, ‘தலைக்கு எவ்வளவு?’ என்று தொடங்கும் பேச்சு, எல்லாருக்கும் இயன்ற இடத்தில் போய் முடிகிறது. அந்தத் தொகையையும் கூட்டத்தில் எவருக்கு மிகக் குறைவாக மிஞ்சுகிறதோ அவரே சொல்லவேண்டும் என்பது இம்மடலின் உறுதியான கருத்து. சராசரி என்பது இங்கே பயன்படாது. 300, 500, 1,500 ரூபாய் என மூவருக்கு இயலுமானால், அவற்றின் சராசரி முதல் இருவரையும் கடனாளியாக்கிவிடும். வசதியுள்ளவர் கூடுதலாகச் செலவழிக்க விரும்பினால், அதை முன்கூட்டியே வாய்விட்டுச் சொல்லி, திருப்பித் தரவேண்டாத விருந்தாக வைப்பதே முறை.

இதற்கு முன்மாதிரி பழைய மகாபலிபுரம் சாலையிலேயே இருக்கிறது. இரவு வேலை முடிந்து இளையோர் கால்பந்தோ கிரிக்கெட்டோ ஆடும் டர்ஃப் எனப்படும் செயற்கைப் புல்தரைகளில் வாடகையைப் பிரித்துக்கொள்வதில் சண்டை வந்ததாகக் கேள்விப்படுவது அரிது. மணிக்கு 1,400 ரூபாய் என்றால் 14 பேருக்குத் தலைக்கு 100 ரூபாய் என்பது ஆட்டத்துக்கு முன்பே தெரிந்துவிடுகிறது. எல்லாரும் ஒரே நேரம் ஆடுகிறார்கள். எவரும் இடையில் கூடுதல் ஆட்டம் வரவழைத்து மற்றவர் கணக்கில் சேர்ப்பதில்லை. விலை முன்னறியப்படுதல், பயன் ஒத்திருத்தல், எல்லை வகுக்கப்பட்டிருத்தல் ஆகிய மூன்றும் உள்ள இடத்தில் சமமாகப் பிரிப்பது நியாயம். உணவக மேசையில் இம்மூன்றுமே இல்லை. ஆகையால் அங்கே அவரவர் உண்டதை அவரவர் கொடுப்பதே தக்கது. பரிமாறுபவரிடம் உட்காரும்போதே சொல்லிவிட்டால் தனித்தனிப் பில் போடப் பல உணவகங்கள் மறுப்பதில்லை. பில்லில் சேவைக் கட்டணம் என ஒரு வரி இருந்தால் அதை நீக்கச் சொல்வதில் கூச்சப்படவும் வேண்டியதில்லை. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 சூலையில் வெளியிட்ட நெறிமுறைகளின்படி உணவகங்கள் அக்கட்டணத்தைத் தாமாகச் சேர்க்கக் கூடாது. அந்நெறிமுறைகளை எதிர்த்த வழக்கை டெல்லி உயர்நீதிமன்றம் 2025 மார்ச்சில் தள்ளுபடி செய்தது.

பயணங்களுக்கு முன்கூட்டிய சேமிப்பே வழி. கோவாவோ மூணாறோ போகவேண்டும் என்னும் ஆசை பிறந்த நாளிலேயே தொகையையும் மாதத்தையும் முடிவு செய்து, ஒவ்வொருவரும் தம் வங்கியில் தொடர்வைப்புக் கணக்கு தொடங்கி மாதம் 1,000 ரூபாய் போட்டுவந்தால், பத்து மாதத்தில் எவரும் கடன் அட்டையைத் தொடாமல் வண்டி ஏறலாம். ஒருவர் கையில் எல்லாரும் கொடுத்துவைக்கும் முறை, அவர் எவ்வளவு நல்லவராயினும், வேண்டாம். நட்பைச் சோதிப்பதற்கு வேறு வழிகள் உண்டு. பிறந்தநாள் பரிசுகளைப் பொறுத்தவரை, குழுவே கூடி அவற்றை நிறுத்திவிட்டால் எவருக்கும் இழப்பில்லை.

பணத்தைக் குறைத்தால் நட்பும் குறையும் என்று அஞ்சுவோருக்குக் கன்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் 2018இல் வெளியிட்ட ஆய்வு ஆறுதல் தரும். புதிய ஊருக்குக் குடிபெயர்ந்தவர்களையும் புதிதாகக் கல்லூரியில் சேர்ந்தவர்களையும் கவனித்த அவர், வெறும் அறிமுகம் சாதாரண நட்பாவதற்கு ஏறத்தாழ 50 மணி நேரமும், அது நல்ல நட்பாவதற்கு ஏறத்தாழ 90 மணி நேரமும், நெருங்கிய நட்பாவதற்கு 200 மணி நேரத்துக்கு மேலும் சேர்ந்திருக்கவேண்டியிருப்பதாக மதிப்பிட்டார். அலுவலகத்தில் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் வேலை செய்த நேரம் அவ்வளவாகக் கணக்கில் ஏறவில்லை என்பதும் அவர் கண்டது. நட்பின் நாணயம் மணி என்றால், 2,000 ரூபாய்க்கு இரண்டு மணி நேரம் தரும் உணவகத்தைவிட, பெசன்ட் நகர் கடற்கரையில் சுண்டலும் மாங்காய்த் துண்டுமாக மூன்று மணி நேரம் உட்கார்ந்திருப்பது கூடுதல் வரவு. சென்னை இவ்வகையில் வள்ளல்தன்மை உடைய நகரம். மார்கழியில் பல சபாக்களில் முற்பகல், பிற்பகல் கச்சேரிகளுக்குக் கட்டணம் கிடையாது. உணவுக்கூடத்துக்காகவே அங்கே வருகிறவர்கள் இருக்கிறார்கள் என்பது வேறு கதை. பொங்கலை ஒட்டி நடக்கும் புத்தகக் காட்சியில் ஒரு முழு நாளைக் கழிக்கலாம். 2010இல் திறக்கப்பட்ட கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் அதைவிட அதிகமாகவும் கழிக்கலாம். அறையிலேயே நால்வர் சேர்ந்து ஞாயிற்றுக்கிழமை பிரியாணி சமைப்பதற்கு ஈடாக எதையும் சொல்ல முடியாது. உப்புக் கூடிப்போனால் அதைப் பற்றி ஓராண்டு பேசலாம்.

எல்லாக் கூட்டத்திலும் இருக்கும் இருவரைப் பற்றியும் ஒரு சொல் கூறவேண்டும். பில் வரும் நேரத்தில் கைகழுவப் போகிறவர் ஒருவர். அவருக்கு நேரிடையாகச் சொல்வதைத் தவிர வேறு மருந்தில்லை. ‘நான் பாத்துக்கறேன்’ என்று எப்போதும் முந்திக்கொள்கிறவர் மற்றவர், இவரே கவலைக்குரியவர். கொடுக்கும் இடத்தைத் தமக்கென்று வைத்துக்கொண்டு, மற்றவர்களைப் பெறும் இடத்திலேயே நிறுத்திவிடும் இவர், வேலை போன மாதத்திலும் தம் நிலையை எவரிடமும் சொல்ல முடியாமல் கடன் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருப்பார். அவர் கையைப் பிடித்துத் தடுப்பது நண்பர்களின் பொறுப்பு.

மாத இறுதியில் கடன் கேட்டுத் தயங்கித் தயங்கிச் செய்தி அனுப்பும் நண்பர், பெரும்பாலும் மாத நடுவில் இயலாது என்று சொல்ல இடம் கிடைக்காதவராகவே இருக்கிறார். ஆகவே, அடுத்த பயணத்திட்டம் வாட்ஸ்அப் குழுவில் எழுதப்படும் நாளில் ஊரின் பெயருக்கு முன்பாகத் தலைக்கு எவ்வளவு என்பதை எழுதுமாறும், அதற்கும் முன்பாக, அறையில் வீட்டுக்கு மிக அதிகமாக அனுப்புகிறவர் யாரோ அவரைத் தனியே தேநீர்க் கடைக்கு அழைத்துப்போய் அந்தத் தொகையை அவர் வாயாலேயே கேட்டு வருமாறும் இம்மடல் வேண்டிக்கொள்கிறது.